எதிர்ச்சுற்றில் வந்த நீலப்புள்ளி

வேங்கிக்கால்,
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய அப்பாதுரை மாமா அவர்களுக்கு, இளஞ்செழியன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் போனும் நலம். தங்கள் கோபத்தின் நலம் அறிய ஆவல்.

தங்கள் மகள் கீர்த்தனாவை எனக்கு நிச்சயம் செய்வதற்கு முன் நான் கிரிவலம் வர வேண்டுமென்று வேண்டிக்கொண்டீர்கள். நேற்றுக் காலை வெறுங்காலோடு நடந்தேன். நீங்கள் கேட்டபடி லைவ் லொகேஷனும் போட்டேன். அடி அண்ணாமலை தாண்டியதும் என் நீலப்புள்ளி திரும்பி நானூறு மீட்டர் எதிர்ச்சுற்றில் வந்ததாம். உடனே போன். “ஊரே வலமா போவுது, நீ மட்டும் எதுக்குய்யா எதிர்ல வர்ற? சாமியத் திருப்பிச் சுத்துறவனுக்கு எம்பொண்ணக் குடுக்கமாட்டேன்”னு வெச்சிட்டீங்க.

மாமா, நான் நில அளவை படித்தவன், நேராகச் சொல்கிறேன். போன் எதையும் பார்ப்பதில்லை, கணக்குப் போட்டு ஊகிக்கிறது. நாலு செயற்கைக்கோளாவது சிக்கினால்தான் இடம் சொல்லும், வெட்டவெளியிலேயே அஞ்சு மீட்டர் முன்னே பின்னே. மலையோரத்தில் பாதி வானத்தை மலை மறைச்சுக்குது, மிச்ச சிக்னல் பாறையில பட்டுச் சுத்தி வருது, போன் அதையும் நம்பிடுது. புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் தெரிஞ்சுதே, ‘இதுக்குள்ள எங்கயோ இருக்கான், எனக்கும் சரியாத் தெரியல’ன்னு போன் ஒத்துக்கிற இடம் அது. அதைப் பாக்காம கல்யாணத்தையே நிறுத்தினா எப்படி. நேற்றுப் பனியில் மலை அடிவாரமே இல்லாமல் மிதந்தது. முன்னால் போனவர்கள் பத்தடியில் கரைந்துபோனார்கள். புள்ளி என்னை ஒரு குளத்து நடுவில் நிறுத்தியது, நானும் அதை நம்பி, கால் நனைகிறதா என்று குனிந்து பார்த்தேன். ஆகவே எதிர்ச்சுற்று வானத்தின் பிழை, என் பிழையல்ல.

அத்தைக்கு என் வணக்கம். தை பிறந்ததும் தட்டு மாற்றிக்கொள்ளலாம்.

என்றும் வலமாகவே நடக்கும்,
இளஞ்செழியன்

பி.கு.: கவரை ஒட்டக் கை வரவில்லை. அந்த இடத்தில் முப்பது மீட்டர் பிழை வரலாம், நானூறு மீட்டர் வராது. புள்ளி சொன்னது சரி. தோழிகளோடு கிரிவலம் வந்த கீர்த்தனா, காலில் முள் குத்தி ஒரு கல்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பனியில் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். போன் செய்தாள், திரும்பி நடந்தேன். “அப்பா புள்ளியவே பாத்துனு இருப்பாரு, நீங்க போங்க”ன்னா. “சிக்னல் மேல பழியப் போட்டுக்கலாம்”னேன். முள்ளை எடுத்துவிட்டேன். இன்னொரு முறை சுற்றச் சொன்னாலும் சுற்றுகிறேன், அவளும் கூட வருகிறாளாம். ரெண்டு புள்ளியும் ஒரே இடத்தில் தெரியும். அது பிழை இல்லை, மாமா.