‘உள்ளேன் ஐயா’ போட்ட தடை

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவதற்காக அதிகமாக மொபெட் ஓட்டியவர் திண்டுக்கல்லில் ‘உள்ளேன் ஐயா’தான். குறிப்பேட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வாரநாட்களில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில், விவசாயிகளுக்காக நாங்கள் நடத்தும் இணையக் குழுவுக்குச் சம்பளமில்லாமல் புரோகிராம் எழுதுவார். உறுப்பினர்கள் கேட்கும் வசதிகளைத் தேதிவாரியாகக் குறித்து வாக்கெடுப்பு நடத்துவது என் வேலை. முடிவைத் திரும்பிக்கூடப் பார்க்காதது அவர் வேலை.

“ஓட்டுப் போட்டவன் உள்ளதான சார் இருக்கான்? போனவன் ஏன் போனான்னு கேப்போம்” என்பார்.

கேட்பதென்றால் நேரில். உறுப்பினர் ஒருவர் ஒரு மாதம் குழுவில் எழுதாமல் இருந்தால் போதும், அவர் வீட்டு வாசலில் மொபெட் நிற்கும். பள்ளிக்கூடத்தில் பேர் வாசிப்பதுபோல் இருந்ததால் அந்தப் பட்டம். ஆயக்குடி கொய்யாத் தோட்டக்காரர் மிரண்டே போனார். “ஏனுங்க, பேசாம இருந்தா ஊட்டுக்கே வந்துருவீங்களா? போனு கெணத்துல உழுந்துருச்சுங்க!” மறுநாளே புதுப் போன் வாங்கி, தினமும் ஐந்து முருகன் படங்களோடு காலை வணக்கம் போட ஆரம்பித்தார்.

ஒருமுறை வாக்கெடுப்பில் ஸ்டிக்கர் வசதி அமோகமாக ஜெயித்தது. நான் பட்டியலோடு போனால், அவர் மொபெட்டில் உட்கார்ந்திருக்கிறார். “கொடைரோடு பக்கம் ஆரோக்கியமேரி அக்கா பேசலை. செத்த நேரத்துல வந்துருவோம், ஏறுங்க.”

அந்த அம்மாள் தன் அரை ஏக்கர் மல்லிகைக்கு நடுவே நின்றிருந்தார். மொட்டெல்லாம் உதிர்ந்து கிடந்தது. “மொட்டு ஏன் கொட்டுதுன்னு குழுவுல மூணு தடவ கேட்டேன் அப்பு. மூணும் காலை வணக்கத்துக்கு அடியில போயிருச்சு. இன்னும் பத்து நாள்ல தேறலைன்னா செடியப் பிடுங்கிருவேன்.”

அன்று மாலையே புது வசதி வந்தது. பதில் கிடைக்காத கேள்வி ஒன்று இருந்தாலும், குழுவில் யாரும் படம் போட முடியாது.

குழு கொதித்தது. “ஏலே, குட்மார்னிங் சொல்றதுக்கு மல்லிகைக்கு வைத்தியம் பாக்கணுமா?” என்றார் ஒருவர். இன்னொருவர் அக்காவின் கேள்விக்கு “ம்” என்று பதில் போட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை; கேள்வி கேட்டவரே ‘சரி’ என்றால்தான் தடை நீங்கும். நான் தேதி போட்டு ராஜினாமா எழுதி உள்ளேன் ஐயாவிடம் கொடுத்தேன். “வச்சுட்டுப் போங்க சார். அக்காவுக்குப் பதில் தெரிஞ்ச ஆளு யாரும் இருக்காகளா?” என்றார்.

மூன்றாம் நாள் ஆயக்குடிக்காரரால் தாங்க முடியவில்லை; விடிந்தால் முருகனுக்கு உகந்த கிருத்திகை. பூ வளர்க்கும் தன் சம்பந்தியை வீடியோ காலில் பிடித்து, அக்காவின் தோட்டத்தைப் பார்க்க வைத்தார். வேரில் தண்ணீர் தேங்குகிறது, வடிகால் வெட்டுங்கள் என்றார் சம்பந்தி. அக்கா உடனே வெட்டினார்.

“அக்கா, நாளைக்குக் கிருத்திகைங்க, சரின்னு சொல்லிப்போடுங்க!”

“மொட்டு நிக்கட்டும் தம்பி, சொல்றேன்.”

கிருத்திகை படமில்லாமல் போனது. காலை வணக்கத்துக்குப் பதிலாக எல்லோரும் “அக்கா, மொட்டு நின்னுச்சா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். ஸ்டிக்கருக்கு வாக்களித்தவர்கள்கூடக் கேட்டார்கள். ஒன்பதாம் நாள் அக்கா ‘சரி’ போட்டார். அடுத்த நிமிடம் ஐம்பது முருகன்கள் வந்து இறங்கினார்கள்.

உள்ளேன் ஐயாவுக்கு நன்றி சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. “பாலசமுத்திரத்துல ஒருத்தர் பேசலை சார்” என்றபடி மொபெட்டைக் கிளப்பினார்.

அவர் கூப்பிடவில்லை. நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.