உப்பு ஏமாற்றாது

"உப்பு ஒட்டுது மாமா." கண்ணாடி பாட்டிலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார் மாப்பிள்ளை. "சோளத்துல இன்னும் ஈரம் இருக்கு."

களம் முழுக்க மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. நாலு மணிக்கு லாரி. ஈரம் பதினாலு சதவீதத்தைத் தாண்டினால் வியாபாரி தொடமாட்டார். இந்த வருஷத்துக்கு வேறு லாரியும் கிடையாது. அளக்கும் மீட்டரோ வீட்டில் இல்லை.

மாப்பிள்ளை அறிவியல் வாத்தியார். சோளத்தையும் உப்பையும் பாட்டிலில் போட்டுக் குலுக்கினால், ஈரச் சோளமாக இருந்தால் உப்பு கண்ணாடியில் ஒட்டும் என்று சொல்லிவிட்டார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் மாமனார் அவரிடம் கேட்ட முதல் யோசனை இது. விடுவாரா?

மாமனார் ஒரு மணியைக் கடித்தார். "டக்குன்னு உடையுதே மாப்பிள்ளை."

"பல்லு ஏமாத்தும் மாமா. உப்பு ஏமாத்தாது."

ஒரு மணி நேரம் வெயிலில் கிளறிவிட்டு வந்தார்கள். மாமியார் அடுக்களையிலிருந்து பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். புதுசாகச் சோளமும் உப்பும் போட்டுக் குலுக்கினால், உப்பு முன்னைவிட அதிகமாக ஒட்டியது.

மாமனார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "இதென்ன அதிசயம்? காயக் காய ஈரம் ஏறுதே."

"உள்ஈரம் மாமா. இப்பத்தான் வெளிய வருது." அந்த நிமிஷத்தில் கண்டுபிடித்த விஞ்ஞானம் அது. மாமனார் அசந்துபோனார். மாப்பிள்ளைக்குக் கால் தரையில் பாவவில்லை.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து சூடுகாற்று ஊதும் மெஷினை இரவல் வாங்கி, மொத்தச் சோளத்தையும் அதில் கொட்டினார்கள். மாமியார் மறுபடி பாட்டிலைக் கொடுத்தார். உப்பு அப்பிக்கொண்டது.

"இன்னும் கொஞ்சம் சூட்டைக் கூட்டலாமா?"

"கூட்டுங்க மாமா."

சோளம் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்டது. உள்ஈரம் ஓடுகிற சத்தம் என்றார் மாப்பிள்ளை.

நாலு மணிக்கு வியாபாரி வந்து தன் மீட்டரில் சோளத்தைப் போட்டார். "ஒம்பது."

"நல்லதுதானே?" என்றார் மாமனார்.

"எங்கங்க நல்லது? பாதி மணி வெடிச்சுக் கிடக்கு. இதை எவன் வாங்குவான்? காலையில இந்தப் பக்கம் போறப்பவே பார்த்தேன், நல்லா காஞ்சு கிடந்துச்சு. அப்பவே அள்ளியிருந்தா கண்ணை மூடிட்டு எடுத்திருப்பேன்."

லாரி காலியாகத் திரும்பிப் போனது. மாமனார் மாப்பிள்ளையை முறைத்தார். மாப்பிள்ளை தன் கையிலிருந்த பாட்டிலை முறைத்தார். அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "பாட்டிலை ஏன் முறைக்கிறீங்க மாப்பிள்ளை? ஒவ்வொரு தடவையும் உங்க கையில குடுக்கறதுக்கு முன்னாடி நல்லா கழுவித்தான் குடுத்தேன். துடைக்கத்தான் நேரமில்லை."