நீங்க எங்க படிச்சீங்க?

"வலி எந்தப் பக்கம்?" என்று பயிற்சி டாக்டர் கேட்டபோதுதான், பக்கத்தை முடிவு செய்யாமலே கிளம்பி வந்துவிட்டோம் என்பது லிஃப்ட் மெக்கானிக்குக்கு உறைத்தது.

"நடுவுல சார்," என்றார், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக.

உண்மையில் அவர் வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லை. மகளுக்கு இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது, அதுதான் வலி. ஒரு கல்லூரி வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம். மற்றது, ராத்திரி ரயில் ஏறினால் மறுநாள் மத்தியானம் போய்ச் சேருகிற தூரம்.

"எந்தக் காலேஜ்ல படிச்சவங்கள இந்தப் பெரிய ஆஸ்பத்திரில பயிற்சிக்கு எடுக்கறாங்களோ, அதுலதான்ப்பா சேரணும். தூரத்துக் காலேஜ்தான்னு எல்லாரும் சொல்றாங்க," என்றாள் மகள்.

"உன் இஷ்டம்மா," என்று இவரும் பெரிய மனசோடு சொல்லிவிட்டார்.

அவள் அம்மா போன பிறகு அந்த வீட்டில் இரண்டே பேர். மகள் தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்டால்தான் இவருக்குப் பசியே எடுக்கும். அவள் வாங்கி வந்த பெரிய பெட்டி கூடத்தில் நின்றது. அதன் பக்கம் கண் போகாமலிருக்க, மனிதர் சொந்த வீட்டிலேயே சுவரை ஒட்டி நடந்தார், பாவம்.

பக்கத்துக் கல்லூரியில் படித்த ஒரே ஒரு பயிற்சி டாக்டர் இங்கே அகப்பட்டால் போதும். "பாரும்மா" என்று ஆரம்பிக்க வாய் கிடைத்துவிடும்.

"சார், நீங்க எங்க படிச்சீங்க?"

கையில் கத்தியோடு நிற்கிற முடிதிருத்துபவரிடம் "உங்களுக்கு வெட்டத் தெரியுமா?" என்று கேட்டது போலாகிவிட்டது. டாக்டர் விறைப்பாகத் தூரத்துக் கல்லூரியின் பெயரைச் சொன்னார்.

"ஏன், எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"சேச்சே. வேற யாராச்சும் இருக்காங்களான்னு..."

"வேற ஆள்தானே? வரச் சொல்றேன்."

வந்தவர் அவருக்கு மூத்த பயிற்சி டாக்டர், ஒரு பெண். வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"நீங்க எங்கம்மா படிச்சீங்க?"

அவரும் தூரத்துக் கல்லூரி. மெக்கானிக் தன்னை மறந்து முனகினார்.

"அழுத்தினா முனகறாரு. ஸ்கேன் எடுங்க."

ஸ்கேன் அறையிலிருந்த டாக்டரையும் விடவில்லை. அதே கல்லூரி. நெஞ்சு காலியாகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

"மூச்சு வாங்குதா?" என்றவர், இதய டாக்டருக்கு ஆள் அனுப்பினார்.

இதய டாக்டர் வந்து சேர்வதற்குள் மெக்கானிக்கின் சட்டையைக் கழற்றி, முதுகில் முடிச்சுப் போடும் அங்கியை மாட்டிக் கட்டிலில் கிடத்திவிட்டார்கள். வந்த இதய டாக்டரிடமும் மெக்கானிக் அதையே கேட்டார். பதிலைக் கேட்டுக் கண் கலங்கினார். "வலி தாங்கல போல," என்று எல்லாருமாகப் பேசி, தலைமை அறுவை மருத்துவரையே அழைத்து வந்துவிட்டார்கள்.

"நாலு பேருக்கும் பிடிபடல. திறந்து பாத்துடலாம்," என்றார் பெரியவர்.

"எதை சார்?"

"வயித்தைத்தான்."

"நானும் பழுது தெரியலேன்னா திறந்துதான் சார் பாப்பேன். ஆனா லிஃப்ட்டு அழாது."

"மயக்கம் கொடுத்துத்தான் திறப்போம். பயப்படாதீங்க," என்று தோளில் தட்டிவிட்டு அவர் போய்விட்டார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். மெக்கானிக் இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிக்கொண்டவர் மாதிரி கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

நர்சம்மா ஊசியோடு வந்தாள்.

"அம்மாடி, எனக்கு வலியே இல்ல," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் பொண்ணு தூரமாப் படிக்கப் போறா. பக்கத்துக் காலேஜ்ல படிச்ச டாக்டர் ஒருத்தராவது இங்க இருந்தா, அவள நிறுத்திக்கலாம்னு வந்தேன். போகாதேன்னு வாய்விட்டுச் சொல்ல முடியல. அவ ஆசையாக் கிளம்பிட்டிருக்கா."

நர்சம்மா ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"நேத்து இதே கட்டில்ல, இல்லாத வயித்து வலியோட ஒரு பொண்ணு படுத்துக்கிட்டு, 'பக்கத்துக் காலேஜ்ல படிச்ச டாக்டர் ஒருத்தரக் காட்டுங்கக்கா, எங்கப்பா போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறாரு'ன்னு ஒரே அழுகை."