மேற்குக் காற்றில் ஒரு பிழை

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுவது. இங்கே உன் அண்ணியின் மூச்சைத் தவிர மற்ற எல்லாம் நலம். அங்கே அனைவரும் நலமென்று நம்புகிறேன்.

முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், உன் அலுவலகம் தினமும் வெளியிடும் காற்று மாசு முன்னறிவிப்பில் பிழை இருக்கிறது. காற்றின் திசை, வேகம், புகை எவ்வளவு உயரம் ஏறிக் கலையும் என்ற மூன்றும் தெரிந்தால் போதும், யார் வீட்டுக்குப் புகை போகும் என்று முதல் நாளே சொல்லிவிடலாம் என்று நீதான் போனில் அளந்தாய். நானும் நம்பித் தொலைத்தேன். எங்கள் வீட்டுக்கு மேற்கே ஆலையின் புகைபோக்கி இருப்பது உனக்குத் தெரியும். நீ 'மேற்குக் காற்று' என்று போட்டால், புகை மேற்கே போய்விடும் என்று ஜன்னல்களை அகலத் திறந்து, அண்ணியைப் பால்கனியில் உட்காரவைத்து, நானும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பேப்பர் வாசித்துக் காட்டினேன். 'கிழக்குக் காற்று' என்றால் எல்லாவற்றையும் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி செருகி, அவளை உள்ளே விட்டுவிட்டு மொட்டை மாடியில் நின்று குறிப்பெடுத்தேன். பலன் என்ன தெரியுமா? சாத்திய நாளில் நிம்மதியாகத் தூங்குகிறாள், திறந்த நாளில் இன்ஹேலரைத் தேடுகிறாள். போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கே ஓடவேண்டியதாகிவிட்டது. டாக்டர் என்னைப் பார்த்து, "வீட்டுக்குள்ள புகை எங்கேருந்து வருது?" என்று கேட்டார். என் தம்பியின் அலுவலகத்திலிருந்து என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விளையாட்டில்லை தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் இல்லாத வீட்டில் எந்த ஜன்னல் திறந்திருந்தால் எனக்கென்ன?

ஆகவே உன் மேலதிகாரியிடம் சொல்லி, 'மேற்கு' வரும் இடமெல்லாம் 'கிழக்கு' என்று மாற்றச் செய். சிவப்பு மையில் நான் திருத்திய முப்பது முன்னறிவிப்புத் தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கு, திருத்திய பிறகு.

இப்படிக்கு,
அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அண்ணி இதைப் படித்துவிட்டாள். "மேற்குக் காத்துன்னா மேற்கேருந்து வர்ற காத்துங்க," என்றாள். தாள்களை உருவிவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேறு தாள் இல்லாததால் கடிதம் அப்படியே வருகிறது. தெரிந்துமா இத்தனை நாள் பால்கனியில் வந்து உட்கார்ந்தாய் என்று அவளிடம் சத்தம் போட்டேன். "அந்த நாள்ல மட்டும்தானே நீங்க பக்கத்துல உக்காந்தீங்க," என்றாள். நாளைக்கும் மேற்குக் காற்று என்று போட்டிருக்கிறாய். ஜன்னல்களைச் சாத்திவிட்டேன். ஸ்டூலை உள்ளே கொண்டுவந்து போட்டிருக்கிறேன்.