அமிலமும் காரமும்

தம்புசாமி ஒரு முடிவுக்கு வந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் நண்டுப் பெரட்டல் வெந்தே ஆகவேண்டும்.

கிள்ளான் துறைமுகத்தில் அவர் சூப்பர்வைசர். அவர் கை காட்டினால் நாற்பது லோரி நகரும். பண்டமாரானில் இருக்கும் வீட்டுக்கு வந்து அதே கையைக் காட்டினால் ஊறுகாய் பாட்டில்கூட நகராது. மூன்று வாரமாக அவருக்கு நெஞ்செரிச்சல். அதைச் சாக்காக வைத்து மனைவி உஷாராணி முதலில் மிளகாய் அரைத்த சம்பாலை நிறுத்தினாள். பிறகு கோப்பி. பிறகு ஆட்டிறைச்சி. இப்போது மூன்று வேளையும் கஞ்சி, துணைக்குச் சுரைக்காய். எரிந்தது அவர் நெஞ்சு. அவள் அணைத்ததோ அடுப்பை. இது என்ன நியாயம் என்று அவர் லோரிக்காரர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். அவர்களும் கல்யாணமானவர்கள். பதில் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிள்ளானில் ஒரு பார்மசிக்குள் நுழைந்தார். அங்கே இருந்த மலர்விழி என்ற பெண் பொறுமையாக விளக்கினாள். சாப்பாடு செரிக்க வயிறு அமிலம் சுரக்கிறது. அது மிஞ்சி மேலே ஏறினால் நெஞ்சு எரிகிறது. இந்த மாத்திரை ஒரு காரம். மென்று விழுங்கினால் அமிலத்தோடு சேர்ந்து அதை உப்பும் தண்ணீருமாக மாற்றிவிடும். கொஞ்ச நேரத்தில் எரிச்சல் அடங்கும்.

தம்புசாமிக்குக் காதில் தேன் பாய்ந்தது. அமிலத்தை அடக்குவது காரம். அப்படியென்றால் காரத்தை நிறுத்திய உஷாராணி விஞ்ஞானத்துக்கே விரோதி. மலர்விழி மேற்கொண்டு ஏதேதோ சொன்னாள். அவர் மனம் நண்டுக்குப் போய்விட்டிருந்தது. எத்தனை நாளாக எரிகிறது என்று அவள் கேட்டதற்கு மட்டும், நேற்றிலிருந்துதான் என்று கூசாமல் சொல்லிவிட்டு டப்பாவோடு வெளியே வந்தார்.

வீட்டில் அன்றைக்கே செய்முறை விளக்கம் நடந்தது. ஒரு கண்ணாடி டம்ளரில் எலுமிச்சையைப் பிழிந்தார். இதுதான் என் வயிறு என்றார். இரண்டு மாத்திரையைப் பொடித்துப் போட்டார். சர்ரென்று நுரை பொங்கியது. நுரை அடங்கியதும் உஷாராணியை ருசி பார்க்கச் சொன்னார்.

அவள் ஒரு வாய் குடித்தாள். புளிப்பைக் காணோமே என்றாள்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் சொன்ன ஒன்றை அவள் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவள் விடாமல் கேள்வியும் கேட்டாள். யார் சாப்பிட்டாலும் கேட்குமா, மெல்ல வேண்டுமா, எத்தனை நிமிஷத்தில் அடங்கும். எல்லாவற்றுக்கும் பேராசிரியரைப் போலப் பதில் சொன்னார். முடிவாக, ஞாயிற்றுக்கிழமை நண்டு என்று அறிவித்தார். அவள் சரி என்றாள். தங்கை குமுதாவையும் பந்திங்கிலிருந்து கூப்பிடுகிறேன் என்றாள். இவ்வளவு சுலபமாக வேலை முடிந்ததில் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

ஞாயிறு மத்தியானம் பெரட்டல் வாசனை மூன்று வீடு தாண்டிப் போனது. குளித்துவிட்டு வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார் தம்புசாமி. குமுதா இலையில் நண்டு விழுந்தது. உஷாராணி இலையில் நண்டு விழுந்தது. அவர் முன்னால் ஒரு கிண்ணம் வந்து நின்றது. உள்ளே கஞ்சி.

"என்ன இது?" என்றார். குரல் துறைமுகத்துக்குக் கேட்டிருக்கும்.

உஷாராணி நிதானமாக நண்டுக் காலை உடைத்தாள்.

"நேத்து அந்தப் பார்மசிக்குப் போனேங்க. உங்களுக்கு மூணு வாரமா எரியுதுன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு பதறிப்போச்சு. இந்த மாத்திரை இருக்கிற அமிலத்தத்தான் அடக்குமாம். புதுசா ஊறுறத நிறுத்தாதாம். ரெண்டு வாரத்துக்கு மேல போனா டாக்டரப் பார்த்தே ஆகணுமாம். நாளைக்குக் காலையில கிளினிக், பேர் குடுத்துட்டேன். அதுவரைக்கும் கஞ்சி குடிங்க."

கஞ்சி ஆறிய வேகத்தில் அவர் கோபம் ஆறவில்லை. சாதாரண எரிச்சலுக்கு டாக்டரா என்று கேட்டார். நேற்றிலிருந்துதான் என்று அந்தப் பெண்ணிடம் எதற்குச் சொன்னீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் பேச்சைச் சட்டி பக்கம் திருப்பினார்.

"அப்ப யாருக்கு இவ்வளவு நண்டு?"

"எங்க ரெண்டு பேருக்குந்தான். நண்டு தின்னா எரியும்னு பயந்து நாங்க தொட்டே எத்தனையோ வருஷமாச்சு. என்னைக்காவது ஒரு நாள் எரியறவங்களுக்குன்னே இருக்கிற மாத்திரையாம். நீங்கதான டம்ளர்ல போட்டுக் காட்டினீங்க."

"அத்தான் நல்லா படிச்சவரு" என்று சொல்லிக்கொண்டே குமுதா இரண்டாவது நண்டை எடுத்தாள். சட்டியின் அடி தெரிகிறவரை தம்புசாமி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவும் தங்கையும் கை கழுவி வந்து, அவருடைய டப்பாவைத் திறந்து, ஆளுக்கொரு மாத்திரையை மென்றார்கள். நெஞ்செரிச்சல் மாறி இப்போது அவருக்கு வயிற்றெரிச்சல். இதற்கு எந்தப் பார்மசியிலும் மருந்து கிடையாது.

உஷாராணி டப்பாவை மூடித் தங்கையின் பைக்குள் வைத்தாள்.

"இத குமுதா கொண்டு போறா. நாளைக்கு டாக்டரப் பார்த்துட்டு வரும்போது எனக்கு இன்னொண்ணு வாங்கிட்டு வந்துடுங்க."