மலைக்குப் போன தண்ணீர்

மே 14. இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். கூடாரத்தின் முளைகள் இருந்த பையை ஜீப்பிலேயே விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை, தெரிந்தே விட்டேன். ஆகவே இதைச் சிறு தவறு என்று எழுதலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

அதற்கு மேல் எழுத ஓடாமல் மணிகண்டபிரபு பேனாவை மூடினான். ஓடைக்கரையில் அவன் நிறுத்தியிருந்த கூடாரம் காற்றில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முளை இல்லாததால் நான்கு மூலையிலும் ஒவ்வொரு கல் உட்கார்ந்திருந்தது. கல் அசையும்போதெல்லாம் அவன் எட்டிப் பார்த்தான்.

டைரி எழுதச் சொன்னவர் கோவில்பட்டியில் மாலை வகுப்பு நடத்தும் வேல்சாமி சார். வனக்காவலர் தேர்வுக்குப் படிக்கிறவன் தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டும். முதல் வரியில் அன்றைய தவறு, கடைசி வரியில் மறுநாள் வேலை. ஒரு சுற்றுச்சூழல் அமைப்பில் இந்தக் கோடை வேலையைப் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். சிவகிரிக்கு மேற்கே மலையில் களையாகப் பரவிக்கிடக்கும் உண்ணிச்செடிகளை வேரோடு பிடுங்க வேண்டும், நடைபாதைகளைச் சரிசெய்ய வேண்டும். கோடை முடியும்போது ஒரே ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள்.

அந்த ஒருவன் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று பிரபு தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான். அங்கே அவன் நாற்காலியில் மறுநாளே வேறொருவன் உட்கார்ந்துவிட்டதாகத் தகவலும் வந்துவிட்டது.

இரண்டு வாரம் அடிவாரத்துக் கட்டடத்தில் தங்கி வேலை நடந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது, பிரச்சினை இல்லை. இன்றுதான் வீட்டையே முதுகில் தூக்கிக்கொண்டு முகாம் முகாமாகப் போகும் வேலை தொடங்கியது. குழுத் தலைவி சுதாராணி காலையில் ஜீப் பக்கத்தில் நின்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"பை கனமா இருக்கக் கூடாது. தண்ணி ஆளுக்கு ஒரு பாட்டில் போதும். வழியெல்லாம் ஓடைதான்."

வழியெல்லாம் ஓடை என்பதை பிரபுவின் காது கேட்டது, உடம்பு கேட்கவில்லை. அவன் தெருவில் "தண்ணி வந்துட்டு" என்று ஒரு குரல் எழுந்தால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் எச்சில் கையோடு குழாய்க்கு ஓடுவார். அவன் அம்மா ஜானகியம்மாள் குடம், டிரம், குக்கர், டிபன் பாக்ஸ், கடைசியில் அதன் மூடி வரைக்கும் நிறைத்து வைப்பாள். வெளியூர்க் கல்யாணத்துக்கும் கேனோடு போய் இறங்குகிற குடும்பம் அது.

ஆகவே அவன் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன்கள் இரண்டில் தண்ணீர் நிறைத்துப் பையின் அடியில் வைத்தான். ஒரு கேன் உட்கார்ந்தது. இன்னொன்று உட்காரவில்லை. முளைப்பையை எடுத்த பிறகு உட்கார்ந்தது.

அவனோடு மாலை வகுப்பில் படிப்பவனும் இந்தக் கூடாரத்தின் மறுபாதிக்குச் சொந்தக்காரனுமான ஹுமாயூன் உள்ளே நுழைந்து, தலைக்கு வைக்க ஏதாவது கிடைக்குமா என்று பிரபுவின் பையைத் துழாவினான்.

"ஏலே, என்னல இது? கேனு!"

"மெதுவாப் பேசுல. தண்ணி."

"தண்ணியா?" ஹுமாயூன் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். கைக்கெட்டும் தூரத்தில் ஓடை சலசலத்துக்கொண்டிருந்தது. "அப்போ அங்கன ஓடுதது என்னது, சர்பத்தா?"

"இன்னிக்கு ஓடுது. நாளைக்கு?"

"நாளைக்கு என்ன, முனிசிபாலிட்டிக்காரன் வந்து வால்வ மூடப்போறானா?"

பிரபு பதில் யோசிப்பதற்குள் காற்று வந்துவிட்டது. முதலில் ஒரு கல் உருண்டது. மற்றவை அதைப் பின்பற்றின. இருவரும் வெளியே பாய்ந்தார்கள். கூடாரம் எழுந்து, குடைபோல ஒரு தடவை விரிந்து, அடுப்பைத் தாண்டிப் போய் சமையல்காரி சங்கரம்மாளின் தலையில் இறங்கியது. அவள் பசுவந்தனை ஊர்க்காரி. துணிக்கு அடியிலிருந்தும் குரல் தெளிவாகக் கேட்டது.

"எந்தக் கட்டையில போவான் டென்டுல இது?"

சுதாராணி வந்தாள். சங்கரம்மாளை வெளியே எடுத்தாள். பிறகு கூடாரத்தின் மூலைகளைப் புரட்டிப் பார்த்தாள்.

"பிரபு, முளை எங்க?"

உண்மையைச் சொல்ல வேண்டுமானால் ஜீப்பைச் சொல்ல வேண்டும். ஜீப்பைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் கேன். கேன் என்றால் வேலை போயிற்று. இவ்வளவையும் ஒழுங்காக யோசித்து முடித்த பிறகு அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"குரங்கு, மேடம்."

"குரங்கா?"

"தூக்கிட்டுப் போயிட்டு, மேடம்."

"இரும்பு முளையையா?"

"பளபளன்னு இருந்துச்சுல்லா."

சுதாராணி அவனையே பார்த்தாள். "எத்தனை குரங்கு?"

"ஒன்னுதான் மேடம். வால் மட்டும் கொஞ்சம் குட்டை."

வாலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் விவரம் குறைந்தால் பொய் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம். குழுவில் புதியம்புத்தூரிலிருந்து வந்திருந்த பையன்கள் இரண்டு பேரும் கம்பை எடுத்துக்கொண்டு குட்டை வால் குரங்கைத் தேடிக் கிளம்பினார்கள். ஹுமாயூன் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதுகு குலுங்க நின்றான். அழுகிறான் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம்.

சுதாராணி அடுப்புப் பக்கம் போய் சங்கரம்மாளிடம் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினாள். திரும்பி வந்து அறிவித்தாள்.

"குரங்குத் தொல்லை வந்துட்டுன்னா இங்கன சரிப்படாது. நாளைக்கு மேல் முகாமுக்குப் போயிருவோம்."

"மேல்னா... எவ்வளவு மேல, மேடம்?" என்று கேட்டான் பிரபு.

சுதாராணி விரலை நீட்டினாள். அவள் விரல் காட்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது.

பிரபு டைரியை எடுத்து ஒரு வரி சேர்த்தான். *வால் குட்டை என்று சொன்னது தேவையில்லை.*

மறுநாள் காலை ஏற்றம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் புதிய தொல்லை முளைத்தது. அவன் ஓர் அடி எடுத்து வைத்தால் முதுகில் களக் என்றது. அடுத்த அடிக்குக் களக் களக். முந்தின நாள் ஒரு கேனிலிருந்து கொஞ்சம் குடித்திருந்தான். அந்தக் காலி இடத்தில் தண்ணீர் ஊஞ்சலாடியது.

முன்னால் போன சங்கரம்மாள் நின்றாள். "யாரு தம்பி அது, மோர் கடையுதது?"

"வயிறு, அக்கா," என்றான் பிரபு. "நேத்துக் கஞ்சி சேரல."

"என் கஞ்சியா சேரல?" சங்கரம்மாளின் உதடு ஒரு பக்கம் கோணியது. அவள் மூட்டையை இறக்கி, ஒரு பாட்டிலை எடுத்தாள். "ஓமத்தண்ணி. ஒரே மடக்குல குடி. மத்தியானச் சோறு ஒனக்குக் கெடையாது. வயித்தக் காயப்போடணும்."

குடித்தான். கண்ணில் நீர் வந்தது. நடந்தான். களக்.

"இன்னும் அடங்கலயே," என்றாள் சங்கரம்மாள், பாட்டிலை மறுபடி திறந்தபடி.

மூன்றாவது தடவை ஓமத்தண்ணி குடித்தபோது அவனுக்கு ஒரு தீர்வு தோன்றியது. நிறைந்த பாத்திரம் ஆடாது. குழு ஓடையைக் கடைசியாகத் தாண்டும் இடத்தில், கால் கழுவப் போவதாகச் சொல்லிவிட்டு ஒதுங்கி, இரண்டு கேன்களையும் விளிம்பு வரை நிறைத்தான். நிறைத்ததோடு நின்றிருக்கலாம். எதிரே தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. சும்மா ஓடும் தண்ணீரைப் பார்த்ததும் கை தானாகவே சாப்பாட்டுத் தூக்கை எடுத்து நிறைத்தது. அதன் மூடியையும் நிறைக்கப் போனபோதுதான் அவனுக்கு நிதானம் வந்தது.

சத்தம் நின்றது. கனம் ஏறியது. பையின் வார்கள் தோளில் இறங்கி எலும்பைத் தேடின. புதியம்புத்தூர்ப் பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டு முன்னால் போனார்கள். பிரபு நான்கு காலில் ஏறினான்.

"முடியுதா பிரபு?" சுதாராணி மேலிருந்து கேட்டாள். "வேணும்னா பைய நான் கொஞ்சம் வாங்கிக்கிடுதேன்."

"வேண்டாம் மேடம்! இதுல ஒன்னுமே இல்ல மேடம். காத்து மாதிரி இருக்கு."

அதைச் சொல்லும்போது அவன் கன்னம் ஒரு பாறையின் மேல் ஒட்டியிருந்தது.

ஹுமாயூன் பின்தங்கி வந்து கூட நடந்தான். "ஏலே, கொட்டிருல."

"எத?"

"தண்ணியத்தான்."

"தண்ணியவா? தரையிலயா?"

"இல்ல, ஆகாசத்துல. கொட்டுல மடையா. மேடத்துக்குத் தெரிஞ்சா ஒன்னைய நாளைக்கே பஸ் ஏத்தி விட்டுருவாவ. அப்புறம் தீப்பெட்டி ஆபீஸ்லயும் சீட்டு இல்ல, இங்கனயும் இல்ல."

பொழுது சாயும் நேரத்தில் மேல் முகாம் வந்தது. பெரிய பாறை, அதன் மடியில் கொஞ்சம் சமதளம், சுற்றிலும் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடிப் புதர். பிரபு கடைசியாக வந்து சேர்ந்தபோது எல்லோரும் உட்கார்ந்து களைப்பாறிக்கொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் சுதாராணி எழுந்தாள்.

"வந்தாச்சா? சரி, இப்போ எல்லாரும் பையைப் பிரிச்சு, உள்ள இருக்கற அத்தனையையும் அடுப்புப் பக்கம் கொண்டாந்து வைங்க. ஒன்னையும் மறைக்க வேண்டாம்."

பிரபு பையை மறுபடி தோளில் மாட்டினான்.

"மேடம், அவசரம்," என்று வயிற்றைப் பிடித்தான்.

"பையோடயா?"

"துண்டு உள்ள இருக்கு, மேடம்."

பாறைக்குப் பின்னால் ஓடி, கேனைத் திறந்து சாய்த்தான். முதல் சொட்டு விழுந்தது. கை நிமிர்த்திவிட்டது. மறுபடி சாய்த்தான். மறுபடி கை நிமிர்த்திவிட்டது. கிழக்கே, மலைக்குக் கீழே, வெயிலில் கறுத்துக் கிடந்த கரிசல்காடு கண்ணெட்டும் தூரம் வரைக்கும் தெரிந்தது. அந்தக் கரிசலுக்குள் எங்கோ அம்மா டிபன் பாக்ஸ் மூடியோடு நின்று தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

வெறும் தரையில் ஊற்ற முடியாது. அது மட்டும் உறுதியாகிவிட்டது. செடிக்கு ஊற்றலாம். செடிக்கு ஊற்றினால் வீணாகாது.

ஒவ்வொரு செடியின் தூரிலும் அளவாக, வேர் நனையும்படி ஊற்றினான். ஒன்றுக்கு அதிகமாகப் போய்விட்டால் அடுத்ததற்குக் குறைத்தான். இரண்டு கேன்களும் தூக்கும் காலியான பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். அத்தனையும் உண்ணிச்செடி. அரசாங்கம், அமைப்பு, மாலை வகுப்பு எல்லாம் சேர்ந்து ஒழிக்கச் சொன்ன செடி. இலைகள் அதற்குள் கொஞ்சம் தெளிந்ததுபோல் அவனுக்குப் பட்டது.

போகட்டும். காலி கேன்களைப் புதருக்குள் செருகிவிட்டு, இரண்டு நாளில் முதல் தடவையாக நிமிர்ந்து நடந்து வந்தான். பையை சுதாராணியின் முன்னால் வைத்துத் தானே பிரித்தான். சட்டை, போர்வை, டார்ச், டைரி, காலித் தூக்கு.

சுதாராணி குனிந்து பார்த்தாள். பையைத் தலைகீழாக உதறினாள். ஒரு சீப்பு விழுந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மேடம்."

"வேற ஒன்னும் இல்ல?"

"சத்தியமா இல்ல மேடம்."

"நல்லாத் தேடிப் பாரு பிரபு. அடியில எதாவது..."

"பாட்டில் ஒன்னு மேடம். நீங்க சொன்ன மாதிரி ஒன்னே ஒன்னு. அதுவும் காலி."

தான் தப்பித்துவிட்டோம் என்று அவன் முகத்தில் ஒரு சிரிப்பு மலர்ந்தது. சுதாராணி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள். ஹுமாயூன் பெருவிரலை உயர்த்திக் காட்டப் போனவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினான்.

அடுப்பு மூட்டி, அரிசியைக் களைவதற்குத் தயாராக வைத்திருந்த சங்கரம்மாள், காலிப் பானையை இடுப்பில் ஏந்திக்கொண்டு பிரபுவின் முன்னால் வந்து நின்றாள்.

"ஏ தம்பி, குரங்குக்குப் பயந்தா மேல வந்தோம்? இங்கன ஊத்து சித்திரையிலயே வத்திரும்னு வருசாவருசம் இந்தப் பக்கமே வாரதில்ல; நீ ஜீப் பக்கத்துல கேன ஒளிச்சத மொதநாளே பாத்துட்டு, 'தண்ணி அருமை தெரிஞ்ச பய, வேலைக்கு இவனையே வச்சிக்கிடலாம்'னு சொல்லி, அந்தத் தண்ணிய நம்பித்தான மேடம் எங்க எல்லாரையும் இங்கன கூட்டியாந்தாவ!"

மே 15. நாளைய வேலை: விடிந்ததும் கீழே ஓடைக்கு இறங்கி, இரண்டு கேன்களையும் நிறைத்து மேலே கொண்டுவர வேண்டும். பிறகு பாறைக்குப் பின்னால் இருக்கும் உண்ணிச்செடிகளைப் பிடுங்க வேண்டும். அங்கே மண் ஈரமாக இருக்கும்.