இன்டென்சிட்டிக்கு யூனிட் என்ன?

இன்டென்சிட்டி என்றால் என்ன என்று இருபத்தாறு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன் நான். அதன் அர்த்தம் எனக்கே பிடிபட்டது போன வருஷம்தான். அதுவும் குப்புறப் படுத்துக்கொண்டு.

மகள் கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. எங்கள் வழக்கப்படி தாலி ஏறும்போது பெண் அப்பா மடியில் உட்கார வேண்டும். பெண் அறுபத்திரண்டு கிலோ (இதை எழுதியதற்கு ஃபோன் வரும்). பிசிக்ஸ் வாத்தியார் சும்மா இருப்பானா? முப்பது கிலோ அரிசிச் சாக்கு ஒன்றை மடியில் வைத்து ஒத்திகை பார்த்தேன். தாங்கியது. இரண்டாவது சாக்கைக் குனிந்து தூக்கினேன். இடுப்பில் 'டக்' என்றது. பாதி நமஸ்காரத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

"நான் நாற்காலியிலேயே உக்காந்துக்கறேன்ப்பா" என்றாள் மகள். எனக்கு உயிரே போய்விட்டது. எங்கள் வலியசாலைத் தெருக்காரர்களுக்கு அடுத்த பத்து வருஷம் பேச இது ஒன்று போதுமே!

டாக்டர் கேட்டார், "வலியோட இன்டென்சிட்டி எவ்வளவு?"

"யூனிட் என்ன சார்?"

டாக்டர் என் மனைவியைப் பார்த்தார். "பத்துக்கு எத்தனைன்னு கேக்கறார். யூனிட்டாம் யூனிட்!" என்றாள் அவள்.

கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் "மூணு" என்றேன்.

"கார்ல ஏறச்சே போட்ட சத்தத்துக்குப் பதிமூணு" என்று திருத்தினாள்.

கரமனையில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மலையாளிப் பெண் என்னைக் குப்புறப் போட்டு, இடுப்பில் நாலு பேடு ஒட்டி, கரண்ட் விட்டாள். "சாரே, இன்டென்சிட்டி மதியோ?" (போதுமா என்கிறாள்.)

குழம்பிப் போனேன். டாக்டரிடம் இன்டென்சிட்டி குறைந்தால் நான் ஆம்பளை. இங்கே கூடினால்தான் ஆம்பளையோ? மெஷினில் பன்னிரண்டு. எறும்பு ஊர்கிற மாதிரி சுகமாக இருந்தது. "மதி" என்று சொல்ல வாயெடுத்தேன். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல்:

"இருபதா? ஒண்ணும் அறியலை மோளே, கூட்டிக்கோ!"

எவனோ இருபது, பிசிக்ஸ் வாத்தியார் பன்னிரண்டா? "எனக்கு இருபத்தஞ்சு வைம்மா" என்றேன், திரைக்குக் கேட்கும்படி.

ஒரு கனைப்பு. "இங்க முப்பது."

"முப்பத்தஞ்சு!"

"வேண்டா சாரே..."

"வைம்மா, நான் பிசிக்ஸ்!"

வைத்தாள். என் இடது கால் என்னைக் கேட்காமலே கிளம்பித் திரையை உதைத்தது. திரை கம்பியோடு விழுந்தது. அந்தப் பக்கம் குப்புறக் கிடந்தவன் எங்கள் கல்யாணச் சமையல் மணி! எண்ணூறு பேருக்கு இலை போட வேண்டியவன். "இடுப்பா? எனக்கா? இரும்பு அண்ணா!" என்று முந்தின நாள்தான் என்னிடம் மார்தட்டியிருந்தான்.

"டேய், இன்னிக்கு விதுரா ஊர்ல வேற கல்யாணம்னியே?"

"நீங்க பாத்திரக் கடைக்குன்னு சொன்னேளே அண்ணா?"

வெளியே மூச்சு விடுவதில்லை என்று, பேடைக்கூடக் கழற்றாமல் சத்தியம் செய்துகொண்டோம்.

கல்யாணத்தன்று மகள் என் மடியில்தான் உட்கார்ந்தாள். கெட்டிமேளம். என் கண்ணில் தாரைதாரையாகத் தண்ணீர். பாசம் என்று மண்டபமே உருகியது (பாசமும்தான், பத்துக்கு நாலு). போட்டோகிராபருக்குப் பின்னால் மணி, கரண்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புருவத்தால் 'எத்தனை?' என்று கேட்டான். நான் ஐந்து விரலையும் விரித்தேன். அவன் இரண்டு கையையும் விரித்துப் பத்து காட்டினான்.

அந்த நொடியில் எடுத்த படம்தான் ஆல்பத்தில் முதல் பக்கம். "நான் தாலி கட்டறேன், மாமா டாட்டா காட்டறார்" என்றார் மாப்பிள்ளை. அப்புறம் என் மனைவி விசாரித்த விசாரிப்பில் சத்தியம் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இப்போது எங்கள் வீட்டில் யார் தலைவலி என்றாலும் முதல் கேள்வி, "ஒரு கையா, ரெண்டு கையா?"

கேட்டுச் சிரிக்கட்டும். ஆனால் ஒன்று. என் இன்னொரு கை மகளைப் பிடித்திருந்தது. இல்லாவிட்டால் நானும் பத்து காட்டியிருப்பேன்.